மெயின் போர்க்கப்பல் வெடித்தது எதனால்?

1898 பிப்ரவரி 15, இரவு 9.40 மணி. ஹவானா துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் மெயினின் முன்பகுதி வெடித்துச் சிதறியது. கப்பலில் இருந்த சுமார் 355 பேரில் 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாலுமிகள் உறங்கும் இடம் முன்பகுதியில் இருந்தது. அதிகாரிகளின் அறைகள் பின்பகுதியில் இருந்தன. அதனால்தான் இறந்த அதிகாரிகள் இருவர் மட்டுமே; மற்ற எல்லோரும் சாதாரண மாலுமிகளும் கடற்படைச் சிப்பாய்களும்.

வெடித்தவை கப்பலின் வெடிமருந்து அறைகளே என்பதை எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்கிறது. அவற்றைப் பற்றவைத்தது எது என்பதில்தான் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வழக்கு நீடிக்கிறது. வெளியிலிருந்து வைக்கப்பட்ட கடற்கண்ணியா, கப்பலுக்குள்ளேயே மூண்ட தீயா? 1898இல் இரண்டு விசாரணைகள், 1911இல் ஒன்று, 1976இல் ஒன்று, 1998இல் ஒன்று எனப் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு பதிலும் எந்தச் சான்றின்மேல் நின்றது, எங்கே தளர்ந்தது என்பதைப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கப்பல் ஹவானாவுக்கு வந்த சூழல்

கியூபாவில் ஸ்பெயினின் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி 1895இல் மீண்டும் மூண்டது. அதை ஒடுக்க வந்த ஜெனரல் வெய்லர், கிராம மக்களைக் கூட்டம் கூட்டமாக அரண் செய்யப்பட்ட ஊர்களில் அடைத்தார். பசியாலும் நோயாலும் பெருந்திரளான மக்கள் மடிந்தனர். இந்தக் கொடுமை அமெரிக்கப் பொதுமக்களைக் கொதிக்க வைத்திருந்தது. 1898 ஜனவரியில் ஹவானாவில் ஸ்பானிய ஆதரவாளர்கள் கலவரத்தில் இறங்கினர். அதன்பின், அமெரிக்கத் தூதரகத் தலைவர் ஃபிட்ஸ்ஹியூ லீ அங்கிருந்து அனுப்பிவந்த செய்திகளின் பின்னணியில், மெயின் ‘நல்லெண்ண வருகை’ என்ற பெயரில் அனுப்பப்பட்டு ஜனவரி 25 அன்று துறைமுகத்தை அடைந்தது. இரு நாடுகளுக்கும் இடையே அப்போது போர் இல்லை.

வெடிப்புக்குப் பின் கேப்டன் சார்ல்ஸ் சிக்ஸ்பி வாஷிங்டனுக்கு அனுப்பிய முதல் தந்தியில், மேலும் விவரம் தெரியும்வரை மக்கள் தீர்ப்பை ஒத்திவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அருகே நின்ற ஸ்பானியப் போர்க்கப்பல் அல்ஃபோன்சோ 12இன் படகுகள் அமெரிக்க மாலுமிகளை நீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியதும் பதிவில் உள்ளது. ஆனால் பத்திரிகைகள் தீர்ப்பை ஒத்திவைக்கவில்லை. பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டின் ‘நியூயார்க் ஜர்னல்’, குற்றவாளியைக் கண்டுபிடிப்பவர்களுக்கு 50,000 டாலர் பரிசு அறிவித்தது. குற்றம் நடந்ததா என்றே தெரியாத நிலையில் குற்றவாளிக்கு விலை வைக்கப்பட்டுவிட்டது.

சாம்ப்சன் குழு: ஒரு மாதத்தில் வந்த தீர்ப்பு

கேப்டன் வில்லியம் சாம்ப்சன் தலைமையிலான கடற்படை விசாரணைக் குழு பிப்ரவரி 21இல் ஹவானாவில் கூடி, மார்ச் 21இல் அறிக்கையை முடித்தது. கலங்கிய நீருக்குள் மூழ்காளர்கள் தடவிப் பார்த்துச் சொன்னவையும், உயிர் தப்பியவர்களின் சாட்சியமும் அதன் ஆதாரங்கள்.

குழுவின் வாதம் முழுவதும் ஓர் உலோக வளைவைச் சுற்றியே அமைந்தது. கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவும், அதன் இருபுறத் தகடுகளும் 18ஆம் சட்டத்தின் (கப்பலின் குறுக்கே விலா எலும்பு போல் அமைந்த எஃகுச் சட்டம்) அருகே தலைகீழ் ‘வி’ வடிவில் மேல்நோக்கி மடிந்திருந்தன. முறிந்த ஏரா, தான் இருக்க வேண்டிய இடத்துக்குச் சுமார் 30 அடி மேலே, நீர்மட்டத்துக்கு 6 அடி கீழே கிடந்தது. அருகிலிருந்த அடித்தகடு சுமார் 34 அடி உயர்ந்து நீருக்கு வெளியே தலைகாட்டியது. கீழிருந்து ஏதோ ஒன்று தள்ளியிருந்தால் மட்டுமே இப்படி ஆகும் என்றது குழு. சாட்சிகள் இரண்டு தனித்தனி வெடிப்புகளைக் கேட்டதாகச் சொன்னதும் இதனோடு பொருந்தியது: முதலில் கண்ணி, அடுத்து வெடிமருந்து அறைகள்.

உள்ளே தீ மூண்டிருக்குமா என்பதையும் குழு கேட்காமல் விடவில்லை. ஆறு அங்குல பீரங்கிகளுக்கான இருப்பு வெடிமருந்து அறையை ஒட்டியிருந்த நிலக்கரி அறையின் எண் ஏ-16. அதில் நியூ ரிவர் நிலக்கரி நிரம்பியிருந்தது. அன்றைய தினமே பொறியியல் அதிகாரி அதைப் பார்வையிட்டிருந்தார்; அதன் எல்லாப் பக்கங்களையும் ஆட்கள் அணுக முடிந்தது; தீ எச்சரிக்கை மணிகள் சரியாக வேலை செய்தன. அன்றாடம் குறிக்கப்பட்ட வெப்பநிலைப் பதிவுகளின்படி வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது பின்பகுதியில் உள்ள பத்து அங்குல பீரங்கிக்கான அறை மட்டுமே, அது வெடிக்கவும் இல்லை. ஆகவே உள்தீக்கு இடமில்லை, கண்ணியே காரணம், ஆனால் வைத்தவர் யார் என்று காட்டச் சான்றில்லை என்று அறிக்கை முடிந்தது.

கடைசி வாக்கியத்தின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனாலும் இந்த விசாரணையில் இரண்டு பலவீனங்கள் உண்டு. முதலாவது, கடற்படை தன்னைத் தானே விசாரித்தது. உள்தீ என்று முடிவு வந்திருந்தால் கேப்டனும், கப்பலை வடிவமைத்தவர்களும், துறையும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். இரண்டாவது, இதில் பேசத் தகுதி உள்ளவர்களிடம் குழு கேட்கவில்லை. கடற்படையின் படைக்கல வல்லுநர் பிலிப் ஆல்ஜர், வெடிப்பு நடந்த சில நாட்களிலேயே, உள்காரணத்துக்கே வாய்ப்பு அதிகம் என்று வாஷிங்டன் நாளிதழ் ஒன்றில் கருத்துத் தெரிவித்திருந்தார். கடற்படைத் துணைச் செயலராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் அதற்காக அவருடைய மேலதிகாரிக்குக் கண்டனம் எழுதினார். ஆல்ஜர் சாட்சிக்கு அழைக்கப்படவில்லை. நீராவிப் பொறியியல் பிரிவின் தலைவர் ஜார்ஜ் மெல்வில்லும் கண்ணிக் கருத்தை ஏற்காதவர், அவரும் அழைக்கப்படவில்லை. நிலக்கரி தானாகத் தீப்பிடிப்பது அன்றைய கப்பல்களில் அறியாத ஆபத்தன்று. நியூயார்க், சின்சினாட்டி என்ற இரு அமெரிக்கப் போர்க்கப்பல்களில் அப்படிப்பட்ட தீ வெடிமருந்து அறைகளை நெருங்கியிருந்தது.

ஸ்பெயினின் மறுப்பு

கேப்டன் பெரால், லெப்டினன்ட் தெ சாலாஸ் ஆகியோர் நடத்திய ஸ்பானிய விசாரணை அன்று அமெரிக்காவில் ஒதுக்கித் தள்ளப்பட்டது. கப்பலின் உடலைத் தாராளமாக ஆராயும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கவில்லை. இருந்தும் அது எழுப்பிய கேள்விகள் பிற்கால அறிவியலாளர்கள் எழுப்பிய கேள்விகளை ஒத்திருக்கின்றன. நீருக்கடியில் கண்ணி வெடித்தால் நீர்த்தூண் எழும். அதைக் கண்டவர் இல்லை. துறைமுகத்தில் செத்த மீன்கள் மிதக்கவில்லை. கடல் அமைதியாக, காற்றில்லாமல் இருந்ததால் மிதந்து வந்து மோதும் கண்ணிக்கு வாய்ப்பு இல்லை. மின்கம்பி வழியே வெடிக்க வைத்திருந்தால் கம்பி கிடைத்திருக்க வேண்டும்.

இவை அனைத்தும் இல்லாமையைச் சுட்டும் வாதங்கள். இருட்டில் நடந்த, இரண்டாம் வெடிப்பின் தீப்பிழம்பில் மறைந்த ஒரு நிகழ்வில் நீர்த்தூணைக் காணாததால் அது எழவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கப்பலின் தட்டையான அடியை ஒட்டி வெடித்த சிறு கண்ணி பெரிய தூணை எழுப்பியிருக்கத் தேவையும் இல்லை. ஆயினும் பல குறிகள் சேர்ந்து ஒரே திசையைக் காட்டுவதை அலட்சியப்படுத்த இயலாது. அதே ஆண்டு, கண்ணிகளில் அனுபவம் மிக்க பிரிட்டிஷ் பொறியாளர் கர்னல் பக்னிலும் ‘எஞ்சினியரிங்’ இதழில் உள்வெடிப்பே நிகழ்ந்தது என்று வாதிட்டார். ஆகவே உள்காரணக் கருத்து 1976இல் பிறந்தது என்று சொல்லப்படுவது சரியன்று. அது முதல் வாரத்திலேயே பிறந்தது. அன்று அதற்குக் காதுகொடுப்பார் இல்லை.

இரண்டு அறிக்கைகளும் முரண்பட்ட நிலையில், நடுநிலை வல்லுநர்கள் ஆராயட்டும், அவர்கள் முடிவை முன்கூட்டியே ஏற்கிறோம் என்று ஸ்பெயின் முன்மொழிந்தது. ஏப்ரல் 11இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில் ஜனாதிபதி மெக்கின்லி அந்த முன்மொழிவைக் குறிப்பிட்டு, அதற்குத் தான் பதில் அளிக்கவில்லை என்றும் பதிவு செய்தார். உண்மை அறியும் வழி ஒன்று திறந்திருந்தபோது அது பயன்படுத்தப்படவில்லை என்பதை இந்த வரலாற்றின் மிகப் பெரிய இழப்பாகக் கருத இடமுண்டு. கப்பலின் உடல் அப்போது இரண்டு மாதங்கூட நீரில் கிடக்கவில்லை.

1911: கப்பலைச் சுற்றி நீர் வற்றியபோது

மெயின் 13 ஆண்டுகள் ஹவானாவில் சேற்றில் புதைந்து, கப்பல் போக்குவரத்துக்கு இடையூறாகக் கிடந்தது. 1910இல் காங்கிரஸ் நிதி ஒதுக்க, ராணுவப் பொறியாளர்கள் எஃகுத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்து 50 அடி விட்டமுள்ள உருளைகள் இருபதைக் கப்பலைச் சுற்றி இறக்கினர். அவற்றுக்குள் மண் நிரப்பி, நடுவிலிருந்த நீரை இறைத்தனர். மூழ்காளர்கள் கைகளால் தடவி ஊகித்ததைப் பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்க்க முடிந்தது. சேற்றிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகளும் கிடைத்தன.

ரியர் அட்மிரல் சார்ல்ஸ் வ்ரீலண்ட் தலைமையிலான குழுவின் முடிவைப் பலர் ‘சாம்ப்சன் முடிவை உறுதிசெய்தது’ என்று சுருக்கிவிடுகிறார்கள். உண்மையில் அது சாம்ப்சன் குழுவின் முதன்மைச் சான்றைத் தள்ளுபடி செய்தது. 18ஆம் சட்டத்தில் உள்ள தலைகீழ் ‘வி’ வளைவு கண்ணியால் ஆனதன்று, வெடிமருந்து அறைகள் வெடித்ததன் விளைவே என்றது. அதற்குப் பதிலாக, இன்னும் பின்னால், 28க்கும் 31க்கும் இடைப்பட்ட சட்டங்களின் அருகே, இடப்பக்க அடித்தகடு ஒன்று உள்நோக்கி வளைந்திருப்பதைக் காட்டியது. வீரியம் குறைந்த வெடிபொருள் அங்கே வெளியிலிருந்து வெடித்து, ஆறு அங்குல இருப்பு அறையிலிருந்த கரும்வெடிமருந்தைப் பற்றவைத்தது என்பது புதிய முடிவு.

இரண்டு குழுக்களும் ‘கண்ணி’ என்ற சொல்லில் ஒன்றுபட்டன; இடத்தில், பொறிமுறையில், சான்றில் வேறுபட்டன. ஒரு முடிவின் அடித்தளம் நொறுங்கிய பிறகும் முடிவு மட்டும் அப்படியே நிற்க, அடியில் வேறொரு தூண் வைக்கப்பட்டது. இப்படி நிகழும்போது ஆய்வாளர் சற்று ஐயத்தோடு பார்ப்பது நியாயமே. அதற்காக வ்ரீலண்ட் குழுவை நேர்மையற்றதாகச் சொல்லிவிட முடியாது. கட்டுமானப் பொறியாளர் வில்லியம் ஃபெர்குசன் அப்போது சேகரித்த புகைப்படங்களும் வரைபடங்களும் இல்லாவிட்டால் பின்னால் வந்த எந்த ஆய்வும் நடந்திருக்காது.

இங்கே ஓர் ஒப்பீட்டையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் துறைமுகத்தில் நின்ற வேறு போர்க்கப்பல்களும் வெடித்தன: 1905இல் ஜப்பானின் மிகாசா, 1907இல் பிரான்ஸின் இயேனா, 1911 செப்டம்பரில் அதே நாட்டின் லிபர்ட்டே. மெயினுக்கும் இதுவே நடந்திருக்கும் என்று இவற்றைக் காட்டுவோர் உண்டு. ஆனால் பிரெஞ்சுக் கப்பல்களில் இருந்தது நைட்ரோசெல்லுலோஸ் வகை வெடிமருந்து. நாள்பட்டால் தானே சிதைந்து சூடேறித் தீப்பற்றக்கூடியது. மெயினில் இருந்தவை பழைய பழுப்பு, கருப்பு வெடிமருந்துகள். அவை தாமாகச் சிதைவதில்லை; வெளியிலிருந்து வெப்பமோ பொறியோ வேண்டும். ஆகவே இந்த ஒப்பீடு உள்காரணக் கட்சிக்குத் தருவதாகத் தோன்றும் வலு, நெருங்கிப் பார்த்தால் குறைந்துவிடுகிறது.

ரிக்கோவரும் ஏ-16ஆம் அறையும்

அமெரிக்க அணுசக்திக் கடற்படையின் தந்தை எனப்படும் அட்மிரல் ஹைமன் ரிக்கோவர், 1974இல் ஒரு நாளிதழ்க் கட்டுரையைப் படித்து இந்தக் கேள்வியில் ஈடுபட்டார். 1976இல் நூலாக வெளிவந்த அவருடைய ஆய்வில் வரலாற்றாளர்களோடு இரண்டு பொறியாளர்கள் பங்கேற்றனர்: கப்பல் கட்டமைப்பு வல்லுநர் ஐப் ஹேன்சன், நீரடி வெடிப்பு வல்லுநர் ராபர்ட் பிரைஸ். இரண்டாம் உலகப்போரில் கண்ணியாலும் டார்பிடோவாலும் சேதமுற்ற கப்பல்களைப் பற்றிச் சேர்ந்திருந்த அறிவு அவர்களுக்கு இருந்தது. 1911இன் குழுவுக்கு அது கிடைத்திருக்க வழியில்லை.

ஃபெர்குசனின் படங்களை ஆராய்ந்த அவர்கள், கண்ணி தொட்டு வெடித்தால் தகட்டில் ஏற்படும் கிழிசலும் நசுங்கலும் இங்கே இல்லை என்றனர். உள்நோக்கிய வளைவுக்கு அவர்கள் தந்த விளக்கம் இது: வெடிமருந்து அறை வெடித்ததும் வாயு வெளியே பீறிடுகிறது, அடுத்த கணம் அந்த வெற்றிடத்துக்குள் கடல்நீர் பெரும் வேகத்தோடு திரும்பிப் பாய்கிறது, ஏற்கெனவே பிடிப்பிழந்த தகடு அதனால் உள்ளே மடிகிறது. பற்றவைத்தது எது என்பதற்கு, ஏ-16இல் இருந்த பிட்டுமினஸ் நிலக்கரி தானாகக் கனன்று, மெல்லிய எஃகுச் சுவர் வழியே அடுத்த அறையைச் சூடாக்கியிருக்கலாம் என்றனர்.

இந்த ஆய்வில் இரண்டு கூற்றுகள் உள்ளன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். ‘வெளிவெடிப்புக்குச் சான்றில்லை’ என்பது ஒன்று. அதற்குப் பின்னால் தகட்டைப் பற்றிய நேரடி ஆய்வு நிற்கிறது. ‘நிலக்கரித் தீயே காரணம்’ என்பது மற்றொன்று. அது மற்றவற்றை விலக்கியபின் எஞ்சியதைத் தேர்ந்துகொண்ட முடிவு. அந்த அறையில் தீ இருந்தது என்று காட்டும் சாட்சியம் ஒன்றுகூட இல்லை. அன்று பார்வையிட்ட அதிகாரியும், எச்சரிக்கை மணியும், சுவரை உரசிக்கொண்டு நடந்த மாலுமிகளும் அதை உணரவில்லை. நிலக்கரிக் குவியலின் ஆழத்தில் புகையின்றி, வெளியே வெப்பம் தெரியாமல் தீ கனல முடியும் என்று பதில் சொல்லலாம். அது வாய்ப்பைக் காட்டுமே தவிர நிகழ்ந்ததைக் காட்டாது. ரிக்கோவரின் நூலிலேயே முடிவு நிகழ்தகவாகத்தான் வைக்கப்பட்டது. ‘மர்மம் தீர்ந்தது’ என்று சொன்னவர்கள் அதைப் படித்து எழுதியவர்களே.

கணினி தந்த இரட்டை விடை

வெடிப்பின் நூற்றாண்டையொட்டி ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ இதழ், அட்வான்ஸ்டு மரைன் என்டர்பிரைசஸ் என்ற நிறுவனத்திடம் கணினி மாதிரி ஆய்வை ஒப்படைத்தது. வெப்பப் பரிமாற்றக் கணக்கு ரிக்கோவருக்குச் சாதகமாக வந்தது: நிலக்கரித் தீ சில மணி நேரத்தில் சுவரைச் சூடாக்கி அடுத்த அறையிலுள்ள வெடிமருந்தைப் பற்றவைக்க முடியும். கட்டமைப்புக் கணக்கு மறுபக்கம் சாய்ந்தது: அடித்தகட்டின் உள்வளைவு, முன்பு கருதப்பட்டதைவிடக் கண்ணிக்கே கூடுதல் வாய்ப்பைக் காட்டுகிறது, சுமார் 100 பவுண்டு கரும்வெடிமருந்து கொண்ட எளிய கண்ணியே போதும். ரிக்கோவர் குழுவில் பணியாற்றியவர்களும், அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களில் சிலருமே இந்த முடிவை ஏற்கவில்லை.

கருவி முன்னேறியும் கருத்து வேறுபாடு நீங்காததற்குக் காரணம் உள்ளீடுதான் எனத் தோன்றுகிறது. வெடிமருந்து எந்த வரிசையில், எவ்வளவு நேர இடைவெளியில் வெடித்தது, பிடிப்பிழந்த தகடுகள் நீரில் எப்படி நடந்துகொண்டன என்பவை யாருக்கும் தெரிந்தவை அல்ல, அனுமானங்கள். அனுமானம் மாறினால் விடையும் மாறும்.

கண்ணி என்றால் வைத்தவர் யார்?

வெளிவெடிப்புக் கருத்தின் மிகப் பலவீனமான பகுதி இதுவே. ஸ்பானிய அரசுக்கு நோக்கமில்லை. போரைத் தவிர்க்க அது கடைசிவரை முயன்றது. வெய்லரின் ஆதரவாளர்களான தீவிரவாதிகள் செய்திருக்கலாம் என்று 1995இல் பெகி, ஹரால்டு சாமுவேல்ஸ் இணையர் எழுதினர். அமெரிக்காவைப் போருக்குள் இழுக்கக் கியூபக் கிளர்ச்சியாளர்கள் செய்திருக்கலாம் என்போர் உண்டு. இரு தரப்புக்கும் நோக்கம் இருந்திருக்கலாம். ஆவணமோ, பின்னால் வந்த ஒப்புதலோ, நம்பத்தக்க சாட்சியமோ எதுவும் வெளிவரவில்லை. பலர் சேர்ந்து செய்ய வேண்டிய செயல் இத்தனை ஆண்டுகள் வாய்திறவாமல் கிடப்பது நடக்காததன்று. எனினும் அந்த மௌனத்தைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவே தன் கப்பலை வெடிக்கச் செய்தது என்ற கருத்து கியூபாவில் வேரூன்றியது. புரட்சிக்குப் பின், 1961இல், ஹவானாவின் மெயின் நினைவுச் சின்னத்தின் உச்சியிலிருந்த கழுகு இறக்கப்பட்டு, மாலுமிகள் ஏகாதிபத்தியப் பேராசைக்குப் பலியானவர்கள் என்ற பொருளில் புதிய கல்வெட்டு பொறிக்கப்பட்டது. 1962இல் அமெரிக்கப் படைத் தலைமையகம் தயாரித்த ‘நார்த்வுட்ஸ்’ திட்டத்தில், கியூபாவிலுள்ள அமெரிக்கத் தளமான குவாண்டனாமோவில் ஒரு கப்பலை வெடிக்கச் செய்து பழியைக் கியூபாமேல் போடும் யோசனை மெயினின் பெயரைச் சொல்லியே இடம்பெற்றது. அந்த ஆவணம் 1990களில் வெளியானபின் இந்த ஐயம் வலுப்பெற்றது இயல்பே. ஆனால் 1962இல் சிலர் யோசித்தது 1898இல் நடந்ததற்குச் சான்றாகாது. அக்காலத்து ஆவணம் எதுவும் இதை ஆதரிக்கவில்லை.

வெடிப்பும் போரும்

ஏப்ரல் இறுதியில் போர் தொடங்கியது. டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானபோது கியூபா ஸ்பெயினின் பிடியிலிருந்து போயிருந்தது. போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அமெரிக்காவுக்கு வந்தன. பிலிப்பைன்ஸ் 2 கோடி டாலருக்குக் கைமாறியது. கப்பல் வெடிக்காவிட்டால் இவை நடந்திருக்காதா?

பரபரப்பை விற்ற ‘மஞ்சள் பத்திரிகை’களே போரை மூட்டின என்ற பழைய விளக்கம் இன்று வரலாற்றாளர்களிடையே செல்வாக்கிழந்துவிட்டது. வால்டர் லஃபீபர் 1963இல் ‘புதிய பேரரசு’ என்ற நூலில் பொருளாதார விரிவாக்கத்தின் நீண்ட போக்கை முன்வைத்தார். ஜான் ஆஃப்னர், இருதரப்பும் விரும்பாமலே உள்நாட்டு அரசியல் நெருக்கடியால் போருக்குள் தள்ளப்பட்டதாக எழுதினார். லூயிஸ் பெரெஸ் 1989இல் வேறொரு கோணத்தில் கேட்டார்: மெயினைப் போரின் காரணமாக வைப்பதால் போரே தற்செயல் விபத்தாகிவிடுகிறது, கியூபாவைத் தன் செல்வாக்குக்குள் வைத்திருக்க அமெரிக்கா நெடுங்காலம் கொண்டிருந்த கொள்கை அதனால் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. மூன்றில் பெரெஸின் கண்டனமே கூர்மையானது என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. ஆனாலும் அதை அளவுக்கு மீறி நீட்டினால், போருக்கு முன்னிருந்த வாரங்களில் காங்கிரஸின் மனநிலையை அந்தச் சாவுகள் எவ்வளவு மாற்றின என்பது விடுபட்டுப் போகும்.

எஞ்சி நிற்பவை

இன்றுள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், உள்காரணத்துக்கே கூடுதல் வாய்ப்பு. அதற்குத் தேவைப்படும் யாவும் கப்பலுக்குள்ளேயே இருந்தன: எரியும் இயல்புள்ள நிலக்கரி, மெல்லிய சுவர், அடுத்து வெடிமருந்து. கண்ணிக் கருத்துக்குச் சான்றில்லாத ஒரு சதியும் வேண்டியிருக்கிறது. ஆனால் ‘கூடுதல் வாய்ப்பு’ என்பதற்கு மேல் செல்ல இயலாது. நிலக்கரித் தீயை உறுதியான உண்மையாகவும், 1898 குழுவைப் பொய்யுரைத்ததாகவும் எழுதுவது சான்றைத் தாண்டிய பேச்சு.

முடிவை எட்டவிடாமல் தடுப்பது ஒரே ஒரு பொருள்: 28க்கும் 31க்கும் இடைப்பட்ட சட்டங்களின் அருகே இருந்த அந்த அடித்தகடு. முறிவு விளிம்பின் உலோகத்தை இன்றைய ஆய்வகத்தில் பார்த்தால், வெடிப்பின் தாக்கத்தில் வளைந்ததா நீரின் தள்ளலில் மடிந்ததா என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. ஆனால் சிதைந்த முன்பகுதி 1911இல் துண்டு துண்டாக வெட்டி அகற்றப்பட்டது. மிதக்க வைக்கப்பட்ட பின்பகுதி 1912 மார்ச் 16இல் மரியாதைகளோடு ஆழ்கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ஒரு கனடிய ஆய்வுக் குழு ஹவானாவுக்கு அப்பால், ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கண்டது அந்தப் பின்பகுதியையே. சர்ச்சைக்குரிய தகடுகள் இருந்த பகுதியை அல்ல. ஃபெர்குசனின் படங்களும் வரைபடங்களும் மட்டும் கைவசம் உள்ளன. அவற்றில் தெரியும் உள்வளைவுக்கு நீரின் பாய்ச்சல், கண்ணி ஆகிய இரண்டு விளக்கங்களும் இன்றுவரை ஏதோ ஓர் அளவுக்குப் பொருந்துகின்றன. எந்த ஒன்று முழுமையாகப் பொருந்துகிறது என்று காட்ட, கப்பல் உடைந்த சில நொடிகளை வெடிப்பு, நீர், தகடு மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, கிடைக்கும் வடிவத்தை அந்தப் படங்களோடு ஒப்பிட வேண்டும்.